இசைத்தாளில் சொல்லுக்குரிய இடம்

ஒரு பாட்டை ஏட்டில் எழுதிவைக்க முற்படுவோர் மெட்டை எழுதுவர், சொல்லை எழுதுவர், பணி முடிந்ததென எண்ணுவர். ஆயின் எழுதவேண்டிய மூன்றாவது செய்தி ஒன்று உண்டு. எந்தச் சொல்லின் எந்த எழுத்து எந்தச் சுரத்தின்மேல் வந்து விழுகிறது என்பதே அது. மெட்டும் சொல்லும் தனித்தனியே கிடைத்து, இவ்விணைப்பு மட்டும் கிடைக்காவிட்டால், பாட்டைக் கேட்டறியாத ஒருவரால் அதனை மீண்டும் பாட இயலாது. இவ்விணைப்பைக் கணினியின் துணையால் தமிழில் எழுதும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நம் தோட்டப்புறங்களில் பாடப்பெற்ற தாலாட்டு, கும்மி, ஒப்பாரி முதலியவற்றின் சொற்களை அறிஞர் சிலர் திரட்டி நூலாக்கியுள்ளனர். பாராட்டத்தக்க தொண்டு அது. எனினும் அத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் சொற்களே உள்ளன. பாடிய மூதாட்டி எந்த எழுத்தில் நின்றார், எதனை நீட்டினார், எங்கே மூச்சு வாங்கினார் என்பதை அவை கூறுவதில்லை. ஜார்ஜ்டவுனில் பிறந்த பி. ரம்லியின் பாடலில் ஐயம் எழுந்தால் இசைத்தட்டையோ திரைப்படத்தையோ போட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம். செபராங் பிறைத் தோட்டமொன்றில் தொட்டிலின் அருகே பாடப்பட்ட பாட்டுக்கு அத்தகைய சான்று ஏது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், பாடத் தெரிந்தோர் எண்பது வயதை நெருங்கியவராகவோ அதனைக் கடந்தவராகவோ உள்ளனர்.

மெட்டு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நமது நாட்டுப்பண்ணே தக்க சான்று. அதன் மெட்டு முதலில் பேராக் மாநிலப் பண்ணாக விளங்கியது. பின்னர் ‘தெராங் பூலான்’ என்னும் மக்கள் பாட்டாகவும் வழங்கியது. 1947-இல் ‘மாமுலா மூன்’ என்ற பெயரில் ஹவாய்ப் பாணி இசைக்குழுவொன்றின் இசைத்தட்டாகவும் ஒலித்தது. 1957-இல் புதிய சொற்களைப் பெற்று ‘நெகாராகூ’ ஆயிற்று. சுரங்களை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றுள் எது எது என்று எவ்வாறு தெரியும்? சொல் வந்து அமர்ந்த பின்னரே மெட்டு நாட்டுப்பண்ணாகிறது. நடையைக் குறிக்கும் சொல்லும் அத்துணை இன்றியமையாதது. 1992-இல் இப்பண்ணுக்கு விரைந்த அணிநடை தரப்பட்டது. 2003-இல் மீண்டும் நிதான நடை வந்தது. தாளின் தலைப்பில் நடையைப் பற்றி எழுதப்படும் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மாறினால் கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சியே மாறிவிடுவதை அவ்வாண்டுகளில் நாம் அனைவரும் கண்டோம்.

முன்னோர் முயற்சி

தமிழரிடையே இத்துறையில் முயன்றோர் முன்பே உளர். சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல், நம் இசை உருப்படிகளை மேலைநாட்டாரின் ஐங்கோட்டுக் குறியில் அமைத்து ஆங்கிலத் தலைப்போடு ஒரு நூல் வெளியிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரையும் தம் குடும்ப வழியாகக் காத்துவந்த உருப்படிகளை எழுதுமாறு தூண்டியவர் அவரே. தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. அதில் சுர எழுத்துகள் மேலே. பாட்டின் சொற்கள் கீழே. அசைவுகளையும் இழைவுகளையும் காட்டப் புதிய குறிகள் வேறு. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதனைத் தமிழெழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலைத் தந்தார்.

இப்பெரியோர்க்கு அமைந்த இடர்ப்பாடு யாதெனில், அச்சுக்கூடம். ஈய எழுத்தைக் கையால் கோக்கும் தொழிலாளி, சுரத்துக்கு நேர் கீழே எழுத்து வருமாறு ஒவ்வொன்றாக இடைவெளிக் கட்டைகளைச் செருகவேண்டும். ஓர் எழுத்து நகர்ந்தால் அடி முழுவதும் பிழைபடும். இந்த வேலையைத்தான் இன்று கணினி ஏற்றுக்கொண்டுள்ளது.

குறிமொழி என்பது யாது?

படம் வரைவதுபோல் சுட்டியால் சுரங்களை இழுத்து வைக்கும் மென்பொருள்கள் பல உள. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறு வகை. இதில் எழுதுபவர் எதனையும் வரைவதில்லை. வெறும் எழுத்தாகத் தட்டச்சுச் செய்கிறார். இன்ன சுரம், இன்ன கால அளவு, அதன்கீழ் இன்ன சொல் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தால், கணினி அதனைப் படித்து ஐங்கோட்டுத் தாளை வரைந்து தருகிறது. இவ்வாறு குறிப்பால் ஏவும் மொழியைக் குறிமொழி எனலாம்.

இவ்வகையில் பெரிதும் வழங்குவது ‘லில்லிபாண்ட்’. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹான்வென் நீன்ஹய்ஸ், யான் நியூவென்ஹய்சன் என்னும் இசைப்பற்றுள்ள இருவர் 1996-இல் இதனைத் தொடங்கினர். இதனை விலையின்றிப் பெறலாம். எந்த வகைக் கணினியிலும் இயக்கலாம். ‘ஃப்ரெஸ்கோபால்டி’ என்னும் துணை மென்பொருளையும் சேர்த்துக்கொண்டால், ஒரு பக்கம் நாம் எழுதும் குறிப்பும் மறுபக்கம் வரையப்பட்ட தாளும் அருகருகே தெரியும். தொடங்குவோர்க்கு இது பேருதவி. எழுத்தாக எழுதுவதால் வேறொரு நன்மையும் உண்டு. கோப்பு மிகச் சிறியது. பல ஆண்டுகள் கழித்தும் எந்த எழுத்துச் செயலியாலும் திறந்து படிக்கலாம்.

சுரங்களுக்கு ஆங்கில எழுத்தின் பெயர்களான சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்பனவற்றை இட்டு, அருகே கால அளவை எண்ணால் குறிக்கவேண்டும். 4 என்றால் கால் சுரம். 2 என்றால் அரைச் சுரம். 8 என்றால் அரைக்கால் சுரம். ஆணைச் சொற்கள் பின்சாய்கோட்டில் தொடங்கும்; அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சுச் செய்தல் வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பை மட்டும் தருகிறோம். சொற்பகுதியை எழுத ‘ஆட்லிரிக்ஸ்’ என்ற ஆணையை இட்டு, நெளிவு அடைப்புக்குறிக்குள் பாட்டை எழுதுக. பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். கோப்பை ஒருங்குறி முறையில் சேமித்தலும், தமிழ் எழுத்துரு ஒன்றைக் கணினியில் வைத்திருத்தலும் போதும். எழுத்துரு இல்லையேல் தாளில் வெறும் கட்டங்களே தோன்றும். தமிழ் எழுத்தைக் கணினிக்குக் கொணர்ந்ததில் நம் நாட்டு முத்து நெடுமாறனின் பங்கு பெரிது என்பதையும், அவர் 1985-இல் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ இன்றும் பலருக்குத் தட்டச்சுத் துணையாக விளங்குவதையும் வாசகர்கள் அறிவர்.

அசை வேறு, இசையலகு வேறு

இனி முதன்மையான பகுதிக்கு வருவோம். ஒரு சுரத்தின்கீழ் வைக்கத்தக்க துண்டு எது? யாப்பிலக்கணம் கற்றோர் உடனே ‘அசை’ என்பர். அவ்விடை பொருந்தாது. பயிற்சிக்காக நாமே ஓர் அடியை அமைத்துக்கொள்வோம்:

விடியல் வந்தது தோட்டத்திலே

யாப்பின்படி இதனை அலகிட்டால் நிரை நேர், நேர் நிரை, நேர் நேர் நிரை என ஏழு அசைகள் வரும். பாடும்போதோ பத்து இடங்களில் குரல் எழுகிறது. காரணம் எளிது. நிரையசையில் உயிரொலி இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் தனிச் சுரம் பெறக்கூடும். ஆகவே இசைத்தாளுக்கு விதி இதுவே: ஒவ்வோர் உயிரும் உயிர்மெய்யும் ஒரு துண்டு, பின்வரும் புள்ளியெழுத்து முன்னுள்ள துண்டோடு சேரும். இவ்விதிப்படி மேற்கண்ட அடியைக் குறிமொழியில் எழுதும் முறை வருமாறு:

வி -- டி -- யல் வந் -- த -- து தோட் -- டத் -- தி -- லே __

இரண்டு சிறுகோடுகள், ஒரே சொல்லின் துண்டுகளை இணைக்கின்றன. அச்சில் அவை ஒரு சிறுகோடாக நடுவே தோன்றும். கோடுகளுக்கு இருபுறமும் இடைவெளி விடுதல் கட்டாயம். விடாவிட்டால் கணினி முழுவதையும் ஒரே துண்டாகக் கொண்டு ஒரே சுரத்தின்கீழ் தள்ளிவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெறும் இடைவெளி போதும். ஈற்றிலுள்ள இரண்டு அடிக்கோடுகள், ‘லே’ என்னும் எழுத்து நீட்டிப் பாடப்படுகிறது என்பதைக் காட்டும் கோட்டை இழுக்கின்றன. ‘லே’ மூன்று சுரங்களில் நீளுமாயின், சுரப்பகுதியில் முதற் சுரத்துக்குப் பின் வளைவு அடைப்புக்குறியைத் திறந்து மூன்றாம் சுரத்துக்குப் பின் மூடவேண்டும். அவ்வாறு செய்தால் மூன்று சுரங்களும் ஒரே எழுத்துக்கு உரியன எனக் கணினி உணர்ந்துகொள்ளும். நீட்டம் சொல்லின் இடையில் வந்தால் அடிக்கோடுகள் வேண்டா. இணைக்கும் சிறுகோடுகளே போதும்.

மெய்யெழுத்து முன்னதோடு சேரும் என்றோம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தாலாட்டை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். ‘கண்ணம்மா’ என்பதை இயல்பாகக் கண் -- ணம் -- மா என்று பிரிக்கலாம். ஆனால் குழந்தையை உறங்கவைக்கும் தாய் அந்த ‘ம்’ என்ற ஒலியிலேயே வாய்மூடி இரண்டு சுரங்கள் முனகுவதுண்டு. மெல்லின மெய்க்கு அவ்வாறு நிற்கும் ஆற்றல் இருக்கிறது, வல்லினத்திற்கு இல்லை. அவ்விடத்தில் இலக்கணத்தைத் தளர்த்தி, கண் -- ண -- ம் -- மா என்று எழுதி ‘ம்’ என்பதற்குத் தனி இடம் கொடுப்பதே முறை. அந்த முனகலை விட்டுவிட்டால் தாலாட்டில் பாதியை விட்டுவிட்டவர் ஆவோம்.

புணர்ச்சியும் இவ்வாறே. ‘வந்தது அங்கே’ என்று பிரித்துப் பாடினால் ஐந்து துண்டுகள். ‘வந்ததங்கே’ என்று உகரம் கெட்டுப் பாடினால் வந் -- த -- தங் -- கே என நான்கே. பிரித்தும் பிரிக்காமலும், ‘து’, ‘அங்’ இரண்டையும் ஒரே சுரத்தில் விரைந்து சொல்வாரும் உண்டு. அதற்கு இவ்விரண்டுக்கும் நடுவே இடைவெளியின்றி நெளிகோடு ஒன்றை இட்டால், ஒரே சுரத்தின்கீழ் இரண்டையும் சேர்த்துத் தரும் வசதி குறிமொழியில் உள்ளது. மூன்றுள் எதை எழுதுவது? பாடியவர் எப்படிப் பாடினாரோ அப்படி.

இங்கே ஆசிரியர்களாகிய நம்மைப் போன்றோர்க்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பேச்சு வழக்கைக் கண்டதும் திருத்தத் துடிக்கும் கை நமக்கு. ‘இருக்குது’ என்று பாட்டி பாடியதை ‘இருக்கின்றது’ என்று செம்மை செய்தால் நான்கு துண்டுகள் ஐந்தாகிவிடும். மிஞ்சிய ஒன்றுக்குச் சுரம் இல்லை. கணினி அதனை அடுத்த சுரத்திற்குத் தள்ளும். அதிலிருந்து அடி முடியும்வரை ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுரம் தள்ளியே நிற்கும். இலக்கணப் பாடத்தில் திருத்துவோம், இசைத்தாளில் திருத்தாதிருப்போம்.

ஒரு மெட்டுக்குப் பல கண்ணிகள்

பினாங்கு மக்களுக்கு போரியாவைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவில் வேரூன்றி, முஹர்ரம் மாதத்தையொட்டித் தெருத் தெருவாகப் பாடப்பட்ட இக்கலையில், இந்திய முஸ்லிம் வழிவந்தோரின் பங்கும் கணிசமானது. முன்னணிப் பாடகர் கண்ணிகளைப் பாட, குழுவினர் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். அவர்களுக்குப் பாட்டு இயற்றித் தருபவரைத் ‘துக்காங் காராங்’ என்பர். அவர் ஒரே மெட்டுக்குப் புதுப்புதுக் கண்ணிகளை அமைத்துத் தருவார். நம் கும்மிப் பாட்டின் அமைப்பும் இதுவே.

இவற்றை எழுத, ‘ஆட்லிரிக்ஸ்’ பகுதியை ஒன்றன்கீழ் ஒன்றாக இருமுறை, மும்முறை எழுதினால், ஒரே சுரவரிசையின்கீழ் கண்ணிகள் அடுக்கடுக்காக அமையும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கண்ணி எண்ணை இட ‘ஸ்டான்ஸா’ என்னும் அமைப்பு உள்ளது. மூன்று அல்லது நான்கு கண்ணிகளுக்கு மேல் அடுக்கினால் கண் வரி மாறிவிடும்; எஞ்சியவற்றைத் தாளின் அடியில் வெறும் செய்யுளாக ‘மார்க்கப்’ என்னும் ஆணையால் அச்சிடுவதே நன்று. முதற் கண்ணியில் ஓரெழுத்து இரண்டு சுரங்களில் நீள, இரண்டாம் கண்ணியில் அவ்விரு சுரங்களுக்கும் இரண்டு எழுத்துகள் வருவதுண்டு. அவ்விடத்தில் மட்டும் நீட்டத்தைப் பொருட்படுத்தாதே என்று இரண்டாம் கண்ணிக்குத் தனியே ஆணையிடலாம்.

சுரத்தின் மேலே எழுதப்படுவன

பாட்டின் சொல் கீழே அமையும். பாடும் முறையைச் சொல்லும் சொல் மேலே அமையும். ஒரு சுரத்தை எழுதி, அதனையடுத்து ^ என்ற குறியும் இரட்டை மேற்கோளுக்குள் ஒரு சொல்லும் இட்டால் அச்சொல் அச்சுரத்தின் மேலே தோன்றும். அடிக்கோடு இட்டால் கீழே தோன்றும். ‘இழுத்து’, ‘அசைத்து’, ‘மூச்சு’, ‘கைதட்டு’ என்பன போன்ற குறிப்புகளை இவ்வாறு எழுதலாம். ஐங்கோட்டு முறைக்கு நம் இசையின் நெளிவுகளை முழுவதும் காட்டும் வலிமை இல்லை. தீட்சிதர் தனிக் குறிகள் வகுத்ததும் இதனால்தான். அத்துணைக் குறிகளையும் கற்க இயலாதோர்க்கு மேலே எழுதும் ஒற்றைச் சொல் ஓரளவு கைகொடுக்கும்.

நடையைக் குறிக்க ‘டெம்போ’ என்ற ஆணை உண்டு. ‘நிதானமாக’ என்று எழுதி, கால் சுரம் நிமிடத்துக்கு 60 என எண்ணையும் சேர்க்கலாம். ஒப்பாரிக்கு எண் பொருந்தாது. துயரத்தில் எழும் குரல் தாளக் கட்டுக்கு அடங்குவதில்லை. அதனைக் கட்டாயமாக நான்கு நான்காகப் பிரித்தால் அழுகை அணிநடையாகிவிடும். ‘கடென்ஸாஆன்’ என்னும் ஆணை தாளப் பிரிவுக் கோடுகளை நிறுத்திவிடும். மேலே ‘தாளமின்றி’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் குழம்பமாட்டார்.

தாளின் தலைப்பு ‘ஹெட்டர்’ என்னும் பகுதியில் அமைகிறது. பாட்டின் பெயர் நடுவில். சொல் இயற்றியவர் இடப்புறம். இசை அமைத்தவர் வலப்புறம். வழிவழி வந்த பாட்டுக்கு இவ்விரு இடங்களிலும் ‘வாய்மொழி வழக்கு’ என்றே எழுதவேண்டும். எழுதியவர் தம் பெயரை இசையமைத்தவர் இடத்தில் இட்டுக்கொள்வதை நாம் சில தாள்களில் காண்கிறோம்; அது தகாது. மாறாகப் பாடியவரின் பெயர், அவரது இசைவு, அவர் பாட்டைக் கற்ற தோட்டம், எவரிடம் கற்றார், பதிவு செய்த நாள் ஆகியவற்றை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். பெயரை வெளியிட விரும்பாதவர் பெயரை விட்டுவிடுக. தோட்டத்தின் பெயரையேனும் விடாதிருங்கள். பல தோட்டங்களின் பெயர் இன்று குடியிருப்புப் பேட்டைகளின் பெயராகவும், சாலைச் சந்திகளின் பெயராகவும் மட்டுமே எஞ்சியுள்ளது.

இடநெருக்கடியும் சரிபார்த்தலும்

தமிழ்த் துண்டுகள் அகலமானவை. ‘தோட்’ என்ற ஒரு துண்டு பிடிக்கும் இடம், ‘நெகாராகூ’ என்பதை மலாய் எழுத்தில் எழுதும்போது ஒரு துண்டு பிடிக்கும் இடத்தினும் மிகுதி. கணினி அதற்கேற்பச் சுரங்களைத் தள்ளித் தள்ளி வைக்கும். ஒரு வரியில் நான்கு தாளப் பிரிவுகள் வரவேண்டிய இடத்தில் இரண்டே வரும். சொற்களின் எழுத்தளவைச் சற்றுக் குறைப்பதும், அடி முடியும் இடத்தில் ‘பிரேக்’ என்னும் ஆணையால் வரியை முறிப்பதும் தீர்வு. இடம் மிகக் குறைந்தால் இணைக்கும் சிறுகோட்டைக் கணினி தானாகவே விட்டுவிடும். ஆங்கிலப் பாட்டில் அது பெரிய குறையன்று. தமிழிலோ ‘வந் த து’ என்று சிதறி நிற்கும் எழுத்துகள் தனிச் சொற்களாக மயங்கும். ஆகையால் அச்சிட்ட தாளைச் சிறுகோடு சிறுகோடாக ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

பார்த்து முடித்தபின், அந்தப் பாட்டை ஒருபோதும் கேட்டிராத ஒருவரிடம் தாளைத் தருக. பள்ளி இசைக்குழுவில் பயிலும் மாணவராயினும் ஆகலாம். அவர் தாளை மட்டும் பார்த்துப் பாடட்டும். பாட்டி அருகில் அமர்ந்து கேட்கட்டும். எவ்விடத்தில் பாட்டி கையை உயர்த்தி, “அங்கே இல்லை, இங்கே நில்” என்கிறாரோ, அவ்விடத்தைச் சிவப்பு மையால் சுழித்து, கோப்பைத் திறந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் நகர்த்துக.